ஏழு என்று சொன்னவள்

வெர்லீன் ஸ்டோக்லியின் இடது சுண்டுவிரல் முதல் கணுவில் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். சில்லுகளை அடுக்கும்போது அந்த விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியே நிற்கும். ஃப்ரீமான்ட் தெருவில் நாங்கள் வேலை செய்த ‘காப்பர் லான்டர்ன்’ சூதாட்ட விடுதிக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பகடை மேசையில் பட்ட காயம் என்று நினைப்பார்கள். ஒரு வகையில் அது சரிதான்.

பத்தொன்பது வயதில் ஒஹையோ ஆற்றங்கரையின் எஃகு ஆலை ஊர் ஒன்றில் ராய்ஸ் ஹேட்லி என்பவனை மணந்தாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆலைக்குப் பின்னால் போர்வையை விரித்து ஆண்கள் பகடை உருட்டுவார்கள். ராய்ஸ் ஜெயித்து வந்தால் பன்றி விலா எலும்பும் பீரும். தோற்று வந்தால் இடுப்பு வாரின் கொக்கி. இரண்டில் எது வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடிந்தால் பக்கத்து வீட்டில் போய் இருந்துகொள்ளலாமே என்றுதான் அவள் முதலில் யோசித்தாள். ஐந்து காசுக் கடையில் இரண்டு பகடைகள் வாங்கினாள். அவன் வேலைக்குப் போனதும் துணி தேய்க்கும் பலகைமேல் உருட்டி, நாள்காட்டியின் முதுகில் கோடு கோடாகப் போட்டாள். மூன்று வாரத்தில் உருட்டுவதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தாள். இரண்டு பகடைகள் விழக்கூடிய விதம் மொத்தம் முப்பத்தாறு. அதில் ஏழு விழுவது ஆறு விதத்தில். ஆறும் எட்டும் ஐந்தைந்து. ஐந்தும் ஒன்பதும் நான்கு நான்கு. நாலும் பத்தும் மூன்று மூன்று.

ஆட்டம் இதுதான். உருட்டுகிறவனுக்கு முதல் வீச்சில் ஏழோ பதினொன்றோ விழுந்தால் ஜெயம். இரண்டு, மூன்று, பன்னிரண்டு விழுந்தால் தோல்வி. வேறு எது விழுந்தாலும் அதுதான் அவனுடைய எண். அந்த எண் மறுபடி விழும்வரை உருட்டவேண்டும். அதற்குள் ஏழு வந்துவிட்டால் போச்சு. முதல் வீச்சில் வரம் கொடுக்கும் ஏழு, அதன் பிறகு எமன்.

ராய்ஸ் எப்போதும் உருட்டுகிறவன் பக்கமே கட்டுவான். எண் நாலாக இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று.

“இனிமே யாராவது நாலு வரும்னு சமமாக் கட்டினா நீ வராதுன்னு கட்டு,” என்றாள் வெர்லீன். “அவனுக்கு மூணு வழி, உனக்கு ஆறு வழி.”

“யாருடி சொன்னா உனக்கு?”

“நானே எழுதிப் பாத்தேன்.”

சிரித்தான். ஆனால் கட்டினான். மூன்று வெள்ளிக்கிழமைகள் விலா எலும்பு வெந்தது. நான்காவது வெள்ளி, அடுத்தடுத்து இரண்டு முறை நாலு விழுந்தது. மூன்றில் இரண்டு முறை ஜெயிக்கும் பந்தயம் மூன்றில் ஒரு முறை தோற்கும் என்பதை அவள் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான். அவளுடைய கையைச் சமையலறை மேசையில் வைத்து, சுண்டுவிரலைக் கோழி எலும்பு ஒடிப்பதுபோல ஒடித்தான்.

“நான் சொன்னது தப்புன்னு சொல்லி ஒடிச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்,” என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள். “சரியாத்தான் சொன்னேன்.”

விரலில் கட்டோடு பஸ் ஏறி நெவாடா வந்தாள். பதினைந்து வருடம் காபி கொடுத்தாள், பிறகு சீட்டு மேசையில் நின்றாள். பெண்களைப் பகடைக் களத்தில் நிறுத்தலாம் என்று சட்டம் வந்தபோது விடுதி அவளைத்தான் முதலில் நிறுத்தியது. பகடை மேசையில் பெண் நின்றால் ஆகாது என்று சொல்லி மூன்று பேர் முதல் நாளே துப்பிவிட்டுப் போனார்கள். ஒருவன் அவளுடைய கால்மேல் துப்பினான். குனிந்து துடைத்துக்கொண்டு, “அடுத்த வீச்சு,” என்றாள்.

அந்த முதல் வருடத்தில் வேண்டிய எண் மேலே நிற்கும்படி பகடையை உருட்டாமல் வழுக்கிவிட்ட ஒருவன் பிடிபட்டான். பின்னறைக்குக் கொண்டு போனார்கள். டீகு என்ற காவலாளி அவளையும் கூப்பிட்டான். “நீயும் வந்து பாரு. நாளைக்கு எவனாவது கூட்டு சேரக் கூப்பிட்டா ஞாபகம் இருக்கும்.” மேசைமேல் பிடிபட்டவனின் கை. டீகுவின் கையில் கூடாரம் அடிக்கிற மரச் சுத்தியல். நான்கு அடி. பிறகு ஐஸ் வாளி கொண்டுவரச் சொன்னார்கள். ஐஸ் அவனுக்கு அல்ல, டீகுவின் தோளுக்கு. வெர்லீன் கழுவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு இருபது நிமிடத்தில் மேசைக்குத் திரும்பினாள். அன்றைக்கு அவள் ஒரு பட்டுவாடாகூடத் தவறாகக் கொடுக்கவில்லை என்று கோல்காரன் கல்லன் இன்னும் சொல்வான்.

கோல்காரன் என்றால் மேசையின் நடுவில் வளைந்த கோலோடு நின்று பகடையைத் தள்ளிக் கொடுப்பவன், விழுந்ததைக் கூவுகிறவன். கல்லனுக்கு வாய் ஓயாது. ஆனால் அவன்கூட வீச்சுக்கு முன்னால் அந்த எண்ணைச் சொல்ல மாட்டான். பகடை மேசையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘சிவப்பன்’ என்பார்கள், ‘அது’ என்பார்கள். கையில் பகடை இருக்கும்போது எவனாவது வாய்தவறி ஏழு மணிக்குச் சாப்பிடப் போகலாம் என்று சொன்னால் பத்து பேர் சேர்ந்து அவனை வெளியே தள்ளுவார்கள். ஒரு தேனிலவுக்காரன் அப்படிச் சொல்லி முன்பல்லை இழந்ததை நானே பார்த்தேன். நான் பானத்தட்டு ஏந்திக்கொண்டு அந்தத் தளத்தில்தான் நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தேன்.

“பகடைக்குக் காது இல்ல,” என்பாள் வெர்லீன், என்னிடம் மட்டும். மேசையில் அவளும் சொன்னதில்லை.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு லிண்ட்க்விஸ்ட் என்ற பெரியவர் வருவார். எழுபத்தொரு வயது, மின்னசோட்டாவில் தபால்காரராக இருந்தவர். வெர்லீன் நிற்கும் மூலையில்தான் நிற்பார். ஐந்து டாலரை எதிர்க்கட்டத்தில் வைப்பார். அதாவது, உருட்டுகிறவன் தோற்பான் என்று. மேசையில் மற்ற எல்லோரும் கோட்டில் வைத்திருப்பார்கள், உருட்டுகிறவன் பக்கம். ஊரே கைதட்டும்போது அவர் இழப்பார், ஊரே தலையில் அடித்துக்கொள்ளும்போது அவருக்கு வரும். எண் விழுந்ததும், மேசையில் எங்கேயும் எழுதப்படாத இடத்தில் இன்னும் கொஞ்சம் வைப்பார். அந்தப் பின்பந்தயத்துக்கு விடுதி உண்மையான விகிதத்தில் கொடுக்கும், தனக்கென்று ஒரு பைசா எடுக்காது. அதனால்தான் துணியில் அதற்குக் கட்டம் வரைவதில்லை. நடுவில் பகடைப் படங்களோடு பளபளவென்று வரைந்திருக்கிற பந்தயங்கள்தான் விடுதியின் சோறு. மேசையில் இதையெல்லாம் தெரிந்து விளையாடியது அவர் ஒருவர்தான். அதனாலேயே வெர்லீனுக்கு அவரைப் பிடிக்கும்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். சில்லு வாங்கும்போதெல்லாம் உரக்க, “ரொம்ப நன்றிம்மா,” என்பார்.

“நன்றியை மனசுல வெச்சுக்குங்க,” என்று பலமுறை முணுமுணுத்திருக்கிறாள். “சுத்தி நிக்கிறவன் எல்லாம் தோத்தவன்.”

“நாப்பது வருஷம் வாசல் வாசலாப் போனவன்மா. குடுத்தாலும் நன்றி, வாங்கினாலும் நன்றி. வாய் தானா சொல்லிடுது.”

1979 ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே தார் உருகும் வெயில். காட்ச் என்று ஒருவன் வந்தான். பாலம் கட்டுகிற வேலையில் கம்பி கட்டுபவன். இடுப்பு வாரில் கம்பி முறுக்கும் குறடு தொங்கியது, கழற்றி வைக்கக்கூட நேரமில்லாமல் வந்திருந்தான். நடுவில் இருந்த படங்கள் எல்லாவற்றிலும் வைத்தான். ஒரு மணி நேரத்தில் பாதி போனது.

அவன் கைக்குப் பகடை வந்தது. ஒன்பது விழுந்தது. அடுத்த வீச்சிலேயே நாலும் மூன்றும்.

“சிவப்பன் வந்தான், கோடு போச்சு!” என்று கல்லன் கூவினான்.

மேசை முழுக்க முனகல். வெர்லீன் கோட்டில் இருந்ததை எல்லாம் வாரினாள். எதிர்க்கட்டத்துக்குக் கொடுத்தாள்.

“ரொம்ப நன்றிம்மா,” என்றார் லிண்ட்க்விஸ்ட்.

காட்ச் திரும்பினான். “என்ன சொன்ன பெருசு?”

“உங்கள ஒண்ணும் சொல்லலீங்க.”

“நான் தோத்ததுக்கு நன்றியா?”

பெரியவரின் பிடரியைப் பிடித்து மேசை விளிம்பில் முகத்தை ஒரு முறை இடித்தான். ஒரே முறைதான். கண்ணாடி உடைந்து, மூக்கிலிருந்து ரத்தம் பச்சைத் துணியில் சொட்டியது. கல்லன் கோலை இடையில் நீட்டினான். சில்லுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சட்டர், மேசைக்குப் பொறுப்பானவர், எழுந்தார். இந்த இடத்தில் டீகுவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் காட்சின் முன்னால் இன்னும் பாதி அடுக்கு இருந்தது.

“சரி சரி, சாம்பியன். எல்லாருக்கும் சூடு. ஒரு விஸ்கி விடுதி கணக்குல,” என்று சட்டர் என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். “பெரியவரே, நீங்க வீட்டுக்குப் போய் ஐஸ் வைங்க.”

“எனக்கு வீட்டுக்குப் போக வேண்டிய வேலை ஒண்ணும் இல்ல,” என்றார் லிண்ட்க்விஸ்ட். கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஐந்து டாலரை எதிர்க்கட்டத்தில் வைத்தார்.

நான் விஸ்கி கொண்டுவந்து வைத்தேன். பாதி தட்டில் கொட்டியிருந்தது. பகடை மேசையைச் சுற்றி வந்து மறுபடி காட்சிடம் நின்றது. ஐந்தும் மூன்றும். எட்டு, அவனுடைய எண்.

அவன் வெர்லீனைப் பார்த்தான். “ஏம்மா, நீ தினமும் நிக்கிறவதானே. எதுல வெச்சா ஜெயிக்கும்? சொல்லு பாக்கலாம்.”

கேட்காமல் எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி. கேட்டுவிட்டான்.

“எதுவும் ஜெயிக்கும்னு சொல்ல முடியாதுங்க. கோட்டுக்குப் பின்னாடி வெச்சா விடுதி எடுத்துக்காது. அது ஒண்ணுதான் நேர்மையான பந்தயம்.”

“அங்க ஒண்ணுமே எழுதலையே!”

“அதனாலதான்.”

சிரித்தான், ராய்ஸ் சிரித்ததுபோல. மீதி அடுக்கு முழுவதையும் எழுதாத இடத்துக்குத் தள்ளினான். சட்டர் தலையசைத்து அனுமதித்தார். வெர்லீன் அடுக்கைச் சரிசெய்தாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் எட்டுக்கு ஐந்து வழி, ஏழுக்கு ஆறு வழி. நேர்மையான பந்தயம் என்பதற்கு ஜெயிக்கும் பந்தயம் என்று அர்த்தமில்லை. இதை முன்பு ஒரு முறை அவள் சொல்ல மறந்திருக்கிறாள்.

காட்ச் பகடையை எடுக்காமல் இடுப்பிலிருந்து குறடைக் கழற்றி விளிம்பின்மேல் வைத்தான்.

“பெருசு, உன் சில்லை எடு.”

லிண்ட்க்விஸ்ட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நான் உருட்டும்போது எனக்கு எதிரா எவன் சில்லும் இருக்கக் கூடாது. எடு. இல்லேன்னா, சிவப்பன் வந்தான்னு வெச்சுக்க, உன் விரல் ஒவ்வொண்ணா இதுல முறுக்குவேன். கடுதாசி ஒட்டக்கூட ஒண்ணு மிஞ்சாது.”

இப்போது சட்டர் பெட்டிக்கு அடியில் இருந்த பொத்தானை அழுத்தினார். டீகு தளத்தின் மறுகோடியில் இருந்தான். வர ஒரு நிமிடமாவது ஆகும்.

“பகடையக் கொஞ்சம் நிறுத்தலாம் சாம்பியன்,” என்று சட்டர் தொடங்கினார். காட்ச் கல்லனின் கோலைப் பிடுங்கி இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை சட்டரின் நெஞ்சைக் குறிவைத்து எறிந்தான். சட்டர் உட்கார்ந்துவிட்டார். பகடை காட்சின் கையில் இருந்தது.

எதிர்க்கட்டத்தில் வைத்ததை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். விடுதி தடுக்காது, சந்தோஷமாகவே கொடுக்கும். எண் விழுந்த பிறகு அனுகூலம் எதிர்ப்பக்கத்தில் இருப்பவனுக்குத்தான். அதை விட்டுக்கொடுத்து எடுத்துக்கொண்டு போகிறவனை யார் தடுப்பார்கள்?

வெர்லீன் குனிந்து பெரியவரிடம் கெஞ்சினாள். “எடுத்துடுங்க. அஞ்சு டாலர்தான்.”

“இப்ப ஆறுக்கு அஞ்சு என் பக்கம் வெர்லீன். இப்ப எடுக்கிறவன் முட்டாள். உங்களுக்கே தெரியும்.”

“அவன் நிஜமாவே செய்வான்.”

“செய்யட்டும். கணக்கு கணக்குதான்.”

ரத்தம் காய்ந்திருந்த அவருடைய கை விளிம்பைப் பிடித்திருந்தது. பயத்தில் உயிர் போகிறது, ஆனால் ஆறுக்கு ஐந்தை விட மனம் வரவில்லை. பகடை மேசையில் நிற்காத எவரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய மாட்டார்கள்.

காட்ச் உருட்டினான். ஐந்து. கல்லன் மேசையில் கிடந்த மறு பாதிக் கோலால் பகடையைத் திருப்பித் தள்ளினான். தள்ளாவிட்டால் அடுத்த அடி அவனுக்கு. உருட்டினான். பத்து. மறுபடி. ஆறு. ஒவ்வொரு வீச்சிலும் முப்பத்தாறில் ஆறு. ஒவ்வொரு முறை பகடை சுவரில் மோதும்போதும் காட்சின் ஒரு கை குறடின்மேல் இருந்தது, கண் பெரியவரின் விரல்மேல் இருந்தது. டீகு சீட்டு மேசைகளைத் தாண்டிக்கொண்டிருந்தான். இன்னும் இருபது அடி.

காட்ச் பகடையைக் குலுக்கி வீசினான். அது கையை விட்டுக் கிளம்பிய அந்தக் கணத்தில் வெர்லீன் நிமிர்ந்து, தளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“ஏழு.”

யாரோ அம்மா என்று அலறினார்கள். காட்சின் முகம் பெரியவரிடமிருந்து அவள் பக்கம் திரும்பியது. அவன் பகடையைப் பார்க்கவே இல்லை. விளிம்பின்மேல் ஏறி மேசையைத் தாண்டிப் பாய்ந்தான். குறடின் முதல் அடியை அவள் வலது மணிக்கட்டில் வாங்கினாள். இரண்டாவது தாடையில். எலும்பு உடைந்த சத்தம் எனக்கு எட்டு அடி தள்ளிக் கேட்டது. அவள் சில்லுகள்மேல் சரிந்தாள். மூன்றாவது அடிக்கு அவன் கையை ஓங்கியபோது டீகு வந்து சேர்ந்தான்.

டீகு செய்ததும் அழகான காரியம் இல்லை. காட்ச் கீழே விழுந்த பிறகும், கை தூக்கிய பிறகும், அசைவு நின்ற பிறகும் பூட்ஸால் மிதித்துக்கொண்டே இருந்தான். கம்பளத்தில் இரண்டு பற்கள் கிடந்தன. ஒரு பெண் தன் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு, “போதும், போதும்,” என்று அழுதாள். நான் தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அத்தனைக்கும் நடுவில் கல்லன் பகடையைப் பார்த்தான். பழக்கதோஷம்.

“எட்டு,” என்றான். “ஆறும் ரெண்டும். எட்டு… கோடு ஜெயிச்சுது.”

காட்ச் ஜெயித்திருந்தான். திரும்பாமல் இரண்டு நொடி நின்றிருந்தால் கை தூக்கி ஆடியிருப்பான்.

வெர்லீன் துணிமேல் கிடந்தபடி வாயிலிருந்து ரத்தத்தோடு எதையோ சொன்னாள். கல்லன் குனிந்து கேட்டான். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஐந்துக்கு ஆறு கணக்கில் காட்சின் பின்பந்தயத்துக்குச் சில்லுகளை எண்ணி வைத்தான். ஜெயித்ததைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அந்தச் சில்லுகள் காகிதப் பையில் போடப்பட்டு அவனோடு ஆம்புலன்ஸில் போயின.

லிண்ட்க்விஸ்டின் ஐந்து டாலரை சட்டர் வாரினார். பெரியவரின் பத்து விரல்களும் அப்படியே இருந்தன.

விடுதி அவளை வேலையை விட்டு நீக்கியது. அடி வாங்கியதற்காக அல்ல. வீச்சின்போது டீலர் அந்தச் சொல்லைச் சொல்லி வாடிக்கையாளரைத் தூண்டினாள் என்று எழுதினார்கள். விசாரணையில் என்னையும் கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன். சட்டரின் விஸ்கியையும் சொன்னேன். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

மருத்துவமனையில் அவளுடைய தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். உறிஞ்சுகுழலில் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். நான் இருந்தபோது லிண்ட்க்விஸ்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார். “நீங்க அதைச் சொன்னீங்க. அது வரல. எட்டு வந்துது. நீங்க சொன்னதாலதான் பயந்து ஓடிப்போச்சோ?”

வெர்லீன் அவரையே உற்றுப் பார்த்தாள். தலையணைக்கு அருகில் இருந்த சின்ன நோட்டை இடது கையால் இழுத்து, கோணலாக எழுதி நீட்டினாள். எட்டுக்கு ஐந்து வழி.

அவர் படித்தார். தலையசைத்தார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவர் போன பிறகு இன்னொரு தாளில் எனக்கு எழுதினாள். ‘என் கை கூடிடும். அந்த ஆள் தலைக்குள்ள இருந்ததைத்தான் அவன் நிஜமா உடைச்சிட்டான்.’

எட்டு மாதம் கழித்து, தெருக்கோடியில் சில்லறைக் காசு கட்டுகிறவர்கள் வருகிற ஒரு சின்ன விடுதியில் அவளுக்கு வேலை கிடைத்தது. வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. இடது கையால் கொடுக்கக் கற்றுக்கொண்டாள். கோணல் சுண்டுவிரல் முன்னைவிட அதிகம் கண்ணில் பட்டது. நானும் அங்கே மாறிப் போனேன்.

ஒரு மதியம் லிண்ட்க்விஸ்ட் வந்தார். புதுக் கண்ணாடி. அவள் நின்ற மூலைக்கு வரவில்லை, எதிர்ப்பக்கம் நின்றார். ஐந்து டாலரைக் கோட்டில் வைத்தார், எல்லோரும் வைக்கிற இடத்தில். கோட்டில் வைத்தால் ஒன்றும் பெரிதாகக் கெட்டுவிடாது, இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். எண் எட்டு விழுந்தது. எழுதாத இடத்தில் அவர் எதுவும் வைக்கவில்லை. அதற்குப் பதில் நடுவில் இருந்த இரட்டை நாலு படத்தை நோக்கி ஒரு டாலரை வீசினார். ஜெயிக்க ஒரே ஒரு வழி, தோற்கப் பத்து வழி, கொடுப்பதோ ஒன்றுக்கு ஒன்பது.

வெர்லீனின் இடது கை ஒரு கணம் நின்றது. அவர் கேட்கவில்லை. கேட்காமல் சொல்லக்கூடாது.

நாலும் நாலும் விழுந்தன. மேசை ஆர்ப்பரித்தது. அவருடைய ஒன்பது டாலரையும் கோட்டின் ஐந்தையும் அவள் அடுக்கி, கோணல் விரலால் மெல்ல அவர் பக்கம் தள்ளினாள். தள்ளிவிட்டு, அவருடைய வழக்கமான நன்றிக்காக ஒரு நொடி காத்திருந்தாள்.

அவர் வாயைத் திறக்கவில்லை. சில்லுகளை வாரிக்கொண்டு, பக்கத்தில் நின்றவனின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.